கருவால் மூக்கன்: பறக்கும் வரை காத்திருங்கள்

தள்ளாடியிலிருந்து மன்னார் தீவுக்குச் செல்லும் வீதியை ஒட்டிய சேற்றுநிலம், வங்காலைப் பறவைகள் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2010இல் இது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. மாரிகாலத்தில் இங்கே கூட்டம் கூட்டமாக வந்து தங்கும் வலசைப் பறவைகளில் ஒன்று கருவால் மூக்கன்.

நீண்ட கால்கள், நேரான நீண்ட அலகு, அதன் அடி இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு. இதன் உறவான பட்டைவால் மூக்கனின் அலகு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். முதுகில் கோடுகள் இருக்கும். தூரத்தில் நின்றால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பறக்கும்போதுதான் சந்தேகம் தீரும்: கருவால் மூக்கனின் சிறகில் அகன்ற வெள்ளைப் பட்டை, வால் நுனியில் கறுப்பு.

அந்தப் பட்டையைப் படம்பிடிக்க ஒருமுறை நான் கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்பினேன். அது தவறு. சேற்றுக்குள் அலகைச் செருகிப் புழுக்களையும் சிறு சிப்பிகளையும் தின்று சேர்க்கும் கொழுப்பில்தான், இவை வட ஆசியாவின் இனப்பெருக்க நிலங்களுக்குத் திரும்ப வேண்டும். வீணாகப் பறக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தச் சேமிப்பு குறைகிறது. நெஞ்சு செங்கல் நிறமாக மாறத் தொடங்கினால் பயணம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

வாகனத்துக்குள்ளேயே இருந்து பாருங்கள். ஒரு பருந்து கடந்தாலே கூட்டம் தானாக எழும்; பட்டையும் தெரியும்.