மணப்பந்தலுக்கு வந்த ஓலை

தமிழ்க் கத்தோலிக்கர்களிடையே 'ஓலை வாசித்தல்' என்றொரு வழக்கு உண்டு. மணம் பேசி முடிந்தபின், இன்னாருக்கு இன்னார் என்ற அறிவிப்பைக் கோவிலில் மூன்று முறை வாசிப்பர். தடை அறிந்தவர் எவரேனும் இருப்பின் சொல்லலாம். பனையோலை மறைந்து காகிதம் வந்து நெடுங்காலம் ஆகியும் சொல் மட்டும் மாறவில்லை. மணத்திற்கு முன் ஓர் ஓலை. அதற்கு எதிராக ஒருவர் எழுந்து நிற்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பு. இவ்விரண்டையும் எண்ணும்போதெல்லாம் விழுப்புரத்தை அடுத்த திருவெண்ணெய்நல்லூர் நம் நினைவுக்கு வந்துவிடுகிறது. சடையப்ப வள்ளலின் ஊர் என்று கம்பனை வாசித்தோர் அறிவர். நாம் இங்கே பேசவிருப்பது அதற்கும் முற்பட்ட ஒரு வழக்கைப் பற்றி.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரிய புராணத்தில், 'தடுத்தாட்கொண்ட புராணம்' அந்த வழக்கின் முழு நடவடிக்கைக் குறிப்பு எனலாம். புத்தூரில் சடங்கவி சிவாசாரியார் மகளை மணக்கக் கோலம் பூண்டு அமர்ந்திருக்கிறார் நம்பியாரூரர். தண்டூன்றிய முதிய அந்தணர் ஒருவர் பந்தலுக்குள் நுழைந்து, தமக்கும் மணமகனுக்கும் ஒரு வழக்கு இருப்பதாகவும் அதை முடித்தபின் மணத்தை நடத்தலாம் என்றும் சொல்கிறார். இவன் என் அடிமை. இவன் பாட்டன் எழுதித் தந்த ஆளோலை என்னிடம் இருக்கிறது என்கிறார். அந்தணன் அந்தணனுக்கு அடிமையாவதுண்டோ, நீர் பித்தரோ என்று ஆரூரர் நகைக்கிறார். பிறகு துரத்திச்சென்று ஓலையைப் பறித்துக் கிழித்தும் விடுகிறார்.

இதை வெறும் பக்திக் கற்பனை என்று ஒதுக்க இயலாது. ஆட்களை விற்றதையும், கோயிலுக்கு அடிமையாக எழுதிக் கொடுத்ததையும் 'ஆள்விலைப் பிரமாண இசைவுத்தீட்டு' என்ற பெயரிலேயே சோழர் காலக் கல்வெட்டுகள் பதிந்து வைத்துள்ளன. சோழ அரசில் அமைச்சராக இருந்தவர் என்று மரபு கூறும் சேக்கிழாருக்கு நீதிமன்ற நடைமுறை நன்கு தெரிந்திருக்கிறது. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் முதியவரிடம் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள். கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை என்னிடமே உள்ளது என்கிறார் அவர். கரணத்தான் அதை வாங்கி வாசிக்கிறான். பாட்டன் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை வருவித்து எழுத்தை ஒப்பு நோக்குகிறார்கள். தீர்ப்பு முதியவர் பக்கம். உம்முடைய வீடு எங்கே என்று கேட்டவர்களை அழைத்துக்கொண்டு அவர் திருவருட்டுறைக் கோயிலுக்குள் சென்று மறைகிறார்.

கதையின் உயிர் அந்த மூல ஓலையில் இருக்கிறது. கயிலையில் இருந்த பிறப்பில், மண்ணுலகில் தாம் மயங்கும்போது தடுத்து ஆட்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டவரே சுந்தரர்தாம். கேட்டவர் மறந்துவிட்டார், வாக்களித்தவர் மறக்கவில்லை. மனிதன் கைக்கு எட்டுவது படி மட்டுமே. அவன் அதைக் கிழிக்கலாம். மூலம் இறைவன் கையில் பத்திரமாக இருக்கிறது.

கடலுக்கு அப்பால் தோன்றிய மற்றொரு மரபும் இதே இடத்தைத் தொடுகிறது. எபிரேயத் தீர்க்கதரிசியான ஓசியாவின் நூலில், தன்னை விட்டு அகன்ற மக்களை இறைவன் மீண்டும் தனக்கு மணம் பேசிக்கொள்கிறான். பழைய யூத வழக்கில் நிச்சயம் என்பது நம்மூர் வெற்றிலை பாக்கு மாற்றுவதைக் காட்டிலும் இறுக்கமானது. நிச்சயமான பெண் தந்தை வீட்டிலேயே இருப்பாள். ஆயினும் சட்டப்படி அவள் மனைவி. அந்தக் கட்டை அவிழ்க்க மணவிலக்குச் சீட்டே வேண்டும். தமிழ் வேதாகமம் இதற்கு 'நியமித்தல்' என்ற சொல்லை ஆள்கிறது. இன்று அச்சொல் அலுவலக வேலைக்கு மட்டும் பயன்படுவது நமக்குச் சற்று வருத்தமே.

வேறுபாடும் உண்டு. ஓசியாவில் இறைவனே மணமகன். இங்கே அவன் மணத்தை நிறுத்துபவன். அங்கே காதலின் மொழி, இங்கே அடிமைப் பத்திரத்தின் மொழி. ஆனால் அந்தப் பத்திரம் தோழமையில் போய் முடிகிறது. சுந்தரருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர். முறிப்பவன் மனிதன், காப்பவன் இறைவன் என்பதில் இரண்டும் ஒன்றே.

ஆயின், அந்தப் பந்தலில் அமர்ந்திருந்த பெண்? அவளுக்குப் பெயரில்லை. சுந்தரரையே நினைந்து அவளும் எளிதில் சிவலோகம் அடைந்தாள் என்று கூறிச் சேக்கிழார் நகர்ந்துவிடுகிறார். நம்மால் அவ்வளவு விரைவாக நகர முடியவில்லை. ஊருக்கு இன்றும் மணம்தவிர்ந்தபுத்தூர் என்றே பெயர். தவிர்ந்த மணம் இருவருடையது அல்லவா? பிற்பாடு திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது இறைவன் பெண்ணின் பக்கம் நிற்பது ஓரளவு ஆறுதல். கருவறையில் பொய்ச் சத்தியம் செய்து தப்ப எண்ணிய சுந்தரர், நீர் சற்று மகிழடியில் போய் இரும் என்று இறைவனை வேண்டிக்கொள்ள, அவரோ சங்கிலியார் கனவில் தோன்றி மகிழடியிலேயே சத்தியம் கேள் என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார். பிரியேன் என்ற சொல்லைச் சுந்தரர் மீறினார், கண்ணிழந்தார்.

கூவாகத்தில் அரவானுக்கு மணமாகி மறுநாளே தாலியறுக்கும் திருநங்கையரின் சடங்கும் இதே நிலப்பகுதியினதுதான். அது தனியே விரித்து எழுதப்பட வேண்டியது.

விழுப்புரத்திற்கு வடகிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் திண்டிவனம். பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரில், அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் இரண்டாம் ஜான் ஸ்கட்டர் பணியாற்றிவந்தார். 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்து அமெரிக்காவில் படித்த அவர் மகள் ஐடா, நோயுற்ற தாய்க்குத் துணையாக 1890இல் இங்கு வந்தார். மிஷன் வேலையே வேண்டாம், அமெரிக்காவில் மணம் முடித்து வாழ்வதே போதும் என்பது அவர் முடிவு. ஒரே இரவில் மூன்று ஆடவர் அந்த பங்களாவின் கதவைத் தட்டினர்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், மற்றுமோர் இந்து. மூவர் மனைவியரும் பேற்று வேதனையில் இருந்தனர். ஆண் மருத்துவர் தொடக் கூடாது. பெண்ணான ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோயினர்.

பந்தலுக்குள் வந்த முதியவர் ஓலையோடு வந்தார். திண்டிவனத்தில் வந்தவர்களிடம் ஓலை ஏதும் இல்லை. ஆயினும் தன்மேல் ஒரு வழக்கு இருப்பதை அந்தப் பெண் உணர்ந்தார். 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் திரும்பிவந்து வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவம் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். இன்றைய கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வளர்ந்தது. 1960இல் கொடைக்கானலில் மறையும் வரை அவர் மணம் செய்துகொள்ளவில்லை. புத்தூர்ப் பெண்ணைப் போலவே அந்த மூன்று பெண்களின் பெயர்களும் நமக்கு எட்டவில்லை.