மாவில் பிசைந்த உயிர்கள்

எகிப்தியரைப் பற்றி எழுதும்போது ஹெரோடோட்டஸுக்கு வியப்பு ஓய்வதே இல்லை. களிமண்ணைக் கையால் பிசைகிறவர்கள் மாவை மட்டும் காலால் மிதிக்கிறார்களே என்று ஓரிடத்தில் குறிக்கிறார். அது வெறும் கதையன்று. கி.மு. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மூன்றாம் ராம்சேசின் கல்லறையில் அரண்மனை அடுமனையின் ஓவியம் ஒன்று உண்டு. அதில் இருவர் நீண்ட கோல்களை ஊன்றிக்கொண்டு மாவை மிதிக்கிறார்கள். சற்றுத் தள்ளி, சுட்டெடுத்த ரொட்டிகளின் வரிசையில் சுருள் வடிவங்களோடு விலங்கு வடிவங்களும் காணப்படுகின்றன.

ரொட்டியை ஏன் விலங்காக வனைய வேண்டும்? அழகுக்காக என்பது எளிய விடை. ஹெரோடோட்டசே வேறொரு விடையையும் தருகிறார். எகிப்தியருக்குப் பன்றி தூய்மையற்ற விலங்கு. ஆயினும் முழுநிலா நாளில் நிலாத் தெய்வத்துக்கு அதையே பலியிடும் வழக்கம் இருந்தது. பன்றி வாங்க வசதியில்லாத ஏழைகள் மாவினால் பன்றி செய்து, அதைச் சுட்டுப் பலியிட்டனர். அடுமனைச் சிற்பக்கலையின் வரலாற்றை இந்தப் பன்றியிலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று நாம் கருதுகிறோம். அலங்காரத்துக்கு முன்னால் அங்கே வறுமை நிற்கிறது. வறுமைக்குப் பின்னால் ஓர் உயிர் தப்பிப் பிழைக்கிறது.

கிரேக்கர்களிடமும் இவ்வழக்கம் இருந்தது. ஆர்ட்டெமிஸ் தேவிக்குரிய எலாபெபோலியா விழாவில் மாவும் தேனும் எள்ளும் சேர்த்து மான் வடிவப் பணியாரம் செய்தார்கள்; அதன் பெயரே மான்தான். தத்துவஞானி எம்பெடோக்ளிஸ் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. கொல்லாமையை வற்புறுத்திய அவர், ஒலிம்பியா விழாவில் மரபுப்படி ஒரு காளையைப் பலியிட வேண்டியிருந்தது. அவர் தேனும் வாற்கோதுமை மாவும் கலந்து ஒரு காளையைச் செய்து படைத்தார் என்கிறார் டயோஜெனிஸ் லயேர்ட்டியஸ். மாவன்று, வெள்ளைப்போளமும் சாம்பிராணியும் பிற வாசனைப் பொருள்களும் என்கிறார் அதெனேயஸ். எதுவாயினும், ஏழையின் இயலாமையாக இருந்த மாவிலங்கு இங்கே ஒரு ஞானியின் கொள்கையாக உயர்ந்துவிடுகிறது.

உரோமானியர்கள் இதைச் சட்டம்போல் வகுத்துக்கொண்டார்கள். வெர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியஸ், கிடைத்தற்கரிய விலங்கைப் பலியிட வேண்டிவந்தால் ரொட்டியிலோ மெழுகிலோ அதைச் செய்துகொள்ளலாம் என்றும், சடங்கில் போலியானது மெய்யானதாகவே ஏற்கப்படும் என்றும் விளக்குகிறார். அதே உரோமாபுரியில் கேலிக்காகவும் ரொட்டி வனையப்பட்டது. விருந்துப் பரிசுகளைப் பாடிய மார்ஷலின் பட்டியலில் கோதுமை மாவாலான பிரியாப்பஸ் உருவம் ஒன்றும் இடம்பெறுகிறது. அதன் ஆபாசத்தை இங்கே விளக்கப் புகவில்லை.

போலி மெய்யாகவே ஏற்கப்படும் என்ற செர்வியஸின் விதியை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். புண்ணியத்துக்கு அது பொருந்துமானால், பாவத்துக்கும் பொருந்த வேண்டுமல்லவா? உரோமானியர்கள் கேட்காத இந்தக் கேள்வியைச் சமணர்கள் கேட்டார்கள். நம் ஐஞ்சிறு காப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் முழுவதும் இக்கேள்வியின் மேல்தான் எழுந்து நிற்கிறது.

கதை பலரும் அறிந்ததே. உஞ்சையை ஆண்ட யசோதரனின் மனைவி அமிர்தமதி, நள்ளிரவில் கேட்ட ஒரு யானைப்பாகனின் பாட்டில் மனத்தைப் பறிகொடுக்கிறாள். அதைக் கண்டுகொண்ட மன்னன் உண்மையை மறைத்து, தீக்கனா கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் சொல்கிறான். தேவிக்கு உயிர்ப்பலி கொடுத்தால் தீமை நீங்கும் என்கிறாள் தாய். மகன் மறுக்கிறான். உயிரைக் கொல்ல வேண்டாம், மாவினால் ஒரு கோழி செய்து வெட்டலாம் என்று முடிவாகிறது. எம்பெடோக்ளிஸ் பெருமையோடு தேர்ந்த அதே வழி.

ஆனால் காவியம் அதை ஏற்பதில்லை. மன்னனும் தாயும் அமிர்தமதியால் நஞ்சூட்டப்பட்டு இறக்கிறார்கள். பிறகு மயிலாகவும் நாயாகவும், பாம்பாகவும் மீனாகவும் ஆடாகவும் பிறந்து பிறந்து கொல்லப்படுகிறார்கள். விலங்குப் பிறவிகளுள் கடைசிப் பிறவி கோழி. மாக்கோழியை வெட்டியவர்கள் மெய்க்கோழிகளாகி, யசோதரனின் சொந்த மகன் எய்த அம்பில் மடிகிறார்கள். கத்தி வெட்டியது மாவைத்தான். எண்ணம் வெட்டியது கோழியை என்பது சமணத்தின் கணக்கு.

கன்னடத்தில் ஜன்னன் 1209-இல் எழுதிய யசோதர சரிதையில், வெட்டு விழும் கணத்தில் மாக்கோழி கூவிவிடுகிறது. அந்தக் கூவலை விட்டுவிட எந்தக் கலைஞனுக்கும் மனம் வராது. கிரீஷ் கர்னாட் 1980-இல் இக்கதையை ‘ஹிட்டின ஹுஞ்ச’ என்ற நாடகமாக்கினார். தலைப்பின் பொருளே மாச்சேவல். திருஷ்டிப் பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கரைத்து ஊற்றித் தெருமுனையில் உடைக்கிற நமக்கு, அந்தச் சிவப்பு எதன் போலி என்று தெரியும். சமணத்தின் கணக்கு மிகக் கடுமையானது என்பதே எம் எண்ணம். பல பிறவித் துன்பத்துக்கு ஒரு பிடி மாவு ஈடாகுமா? எனினும், போலி செய்கிறவன் எதை மனத்தில் வைத்து வனைகிறான் என்ற கேள்வியை அக்கணக்கு நம்மிடமிருந்து பறிக்க விடுவதில்லை.

இன்றைய அடுமனைச் சிற்பிகளுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்களின் தொழிலில் வேறொரு வேடிக்கை உண்டு. ஈஸ்ட் சேர்த்த மாவு அடுப்பில் பொங்கும். நுணுக்கமாகச் செதுக்கிய இறகும் செதிலும் அந்தப் பொங்கலில் மங்கிப்போகும். ஆகவே பெரிய ரொட்டிச் சிற்பங்களுக்கு ஈஸ்ட் சேர்க்காத மாவைப் பயன்படுத்துகிறார்கள். பிரெஞ்சு அடுமனைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் செத்த மாவு. 1992-இல் தொடங்கிய உலகக்கோப்பை அடுமனைப் போட்டியில் கலைச்சிற்பத்துக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அங்கே நிற்கும் உருவங்கள் வியக்கவைப்பவை. ஆனால் எவரும் அவற்றைத் தின்ன மாட்டார்கள். உயிருள்ளதுபோல் தோன்ற வேண்டுமென்றால் மாவு செத்திருக்க வேண்டும்.

உண்ணப்படுகிற உருவங்கள் இன்னும் பல நாடுகளில் உயிரோடு இருக்கின்றன. உருசியாவிலும் உக்ரைனிலும் மார்ச் மாதத்தில் வானம்பாடி வடிவ ரொட்டிகளைச் சுட்டுக் குழந்தைகள் கையில் கொடுப்பார்கள். அவற்றை உயர்த்திப் பிடித்து வசந்தத்தை அழைக்க வேண்டும். அந்தீஸ் மலைநாடுகளில் நவம்பர் மாதத் தொடக்கத்தில் இறந்தோரை நினைக்கும் நாள்களில் துணி சுற்றிய குழந்தையின் வடிவில் ரொட்டி செய்கிறார்கள். கெச்சுவா மொழியில் அதன் பெயர் ‘தன்தா வாவா’. தன்தா ரொட்டி, வாவா குழந்தை. எக்குவடோரில் கருஞ்சிவப்பான சோளமாவுப் பழப்பானத்தோடு சேர்த்து அதை உண்பார்கள். கல்லறைக்கு எடுத்துச் செல்வதும் உண்டு.

பெருவின் சில ஊர்களில் இந்த ரொட்டிக் குழந்தைக்கு விளையாட்டாக ஞானஸ்நானம் நடக்கிறது. ஒருவர் பாதிரியாராக வேடம் போடுகிறார், ஞானத்தாயும் ஞானத்தந்தையும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள், பெயர் சூட்டப்படுகிறது. பிறகு எல்லோருமாகப் பிட்டுத் தின்கிறார்கள். சந்திரமதி அங்கே இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை. பொலிவியாவில் அந்தக் குழந்தைக்கு முகம் மாவில் வனையப்படுவதில்லை. கண்ணும் மூக்கும் தீட்டிய சிறு சுண்ணச்சாந்து முகமொன்றைச் சந்தையில் வாங்கிவந்து, சுடுவதற்கு முன் மாவில் பதித்துவிடுகிறார்கள். உண்ணும்போது அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும்.