வட்டியும் கல்வியும்

ஒருவர் ஈந்த பொருளைப் போற்றும் உலகம், அப்பொருள் வந்த வழியை ஆராய்வதில்லை. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பேரேடு எழுதிப் பழகிய நாமோ வரவைப் பாராது செலவைப் பார்ப்பதில்லை. லேவாதேவியிலும் அரசியலிலும் ஒருங்கே புகழ் பெற்ற ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் வாழ்வை அவ்விதமே நோக்குவோம்.

அவர் 1881-ஆம் ஆண்டில் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பிறந்தார். 1906-இல் சென்னையில் ஆர்பத்னாட் கம்பெனி என்னும் வெள்ளையர் வங்கி முறிய, எண்ணற்றோர் சேமிப்பை இழந்தனர். அதன்பின் 1907-இல் இந்தியர் முதலால் எழுந்த இந்தியன் வங்கியில் அவர் குடும்பத்தார்க்கும் பங்குண்டு. சென்னைச் சட்டசபையிலும் டில்லி ராஜாங்க சபையிலும் அவர் உறுப்பினராய் அமர்ந்தார். 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். அவர் ஈந்த 20 இலட்சம் ரூபாயால் 1929-இல் அண்ணாமலைச் சர்வகலாசாலை தோன்றிற்று. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டு ஒதுங்கிக் கிடந்த காலத்தில், 1943-இல் தமிழிசைச் சங்கம் கண்டார். 1948-இல் மறைந்தார்.

இது செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தில் இருப்போர் யாவர்? நாட்டுக்கோட்டையார் மரபின் செல்வம் கடல் கடந்த வட்டியால் வளர்ந்தது. கீழ்ப் பர்மாவின் நெல்லுழவரும், மலாயாவின் சிறு தோட்டக்காரர், கடைக்காரர், அரசாங்கச் சிப்பந்திகளும் அவர்களிடம் கடன்பட்டனர். வெள்ளையர் வங்கிகள் ஏழை உழவனை வாசலில் ஏற்றாத நாளில், கடன் கொடுத்துக் காட்டை வயலாக்கத் துணை நின்றவர் செட்டியார்களே. ஆயினும், 1930-க்குப்பின் நெல்விலை வீழ்ந்தபோது, பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நூற்றுக்கு 6 பங்காயிருந்த அவர்களது நிலம், 1937-இல் 25 பங்காயிற்று. அவர்கள் வேண்டியது பணமேயன்றி நிலமன்று. நிலத்தை இழந்த உழவனுக்கு அதனால் ஆறுதல் உண்டோ?

எனினும் சிதம்பரத்தில் விதைத்த கல்வி மலாயாவிலும் பயன் தந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் அச்சர்வகலாசாலையில் பயின்றவர். தோட்டத் துண்டாடலால் நம் மக்கள் வீடும் வேலையும் இழந்து தவித்தபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கினார். தொழிலாளர் தவணை தவணையாய்ச் செலுத்திய சிறு தொகைகளே முதலாகி, தோட்டங்கள் வாங்கப்பட்டன.

ஆதலின் அன்பர்களே, கொடைவள்ளலை வாழ்த்துவோம். வட்டி கட்டிய பெயரறியா மக்களையும் மறவாதிருப்போம். கடன் கேட்குமுன் வட்டியைக் கணக்கிடுவோம். மிச்சம் பிடித்ததைச் சங்கத்தில் சேர்த்து, ஆண்டுதோறும் அதன் கணக்கை அஞ்சாது கேட்போம்.