பாகப்பிரிவினைப் பத்திரம்

கூட்டுக் குடும்பத்து நிலத்தைப் பிள்ளைகளுக்குள் பங்கிட்டு எழுதிய பத்திரம் காணாமற்போனால், நிலமே போய்விட்டதென்று யாரும் அழுவதில்லை. வரப்பும் கல்லும் பயிரும் இருந்த இடத்திலேயே இருக்க, எது எவருடையது என்று சொல்லும் சாட்சிதான் இல்லாமற் போகிறது. கணினியின் வன்தட்டில் ஒரு பார்ட்டிஷனை, அதாவது பிரித்த பாகத்தை, தவறுதலாக அழித்துவிட்டுத் திகைத்து நிற்பவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. இதை உணர்ந்தவர்களின் கையில் வளர்ந்ததே கோப்பு மீட்புக் கலை.

ஐ.பி.எம். நிறுவனம் 1983ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியிட்ட எக்ஸ்.டி. என்னும் கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு ஒன்று இருந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0 என்னும் இயக்குதளம், ஒரே தட்டில் வெவ்வேறு இயக்குதளங்கள் சச்சரவின்றிக் குடியிருக்கும் பொருட்டு, அதைப் பாகம் பிரிக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அப்பிரிவினையின் பத்திரமோ மிகச் சிறியது: தட்டின் முதல் செக்டார் என்னும் சிறு துண்டிலுள்ள 512 பைட்டுகளில், பங்குக்கு 16 வீதம் நான்கு பங்குகளுக்கு 64 பைட்டுகள். பங்கு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எவ்வகையைச் சேர்ந்தது என்பவற்றையே அது சொல்லும். பார்ட்டிஷனை அழிப்பதென்பது பெரும்பாலும் அந்தப் பங்குக்குரிய 16 பைட் வரியைத் துடைப்பதே.

தனிக் கோப்பை அழிக்கும்போதும் டாஸ் இதே சிக்கனத்தைக் கையாண்டது. பெயரின் முதல் எழுத்தை மாற்றி அடையாளமிட்டு, இடம் காலியென்று கணக்கெழுதிவிட்டு, உள்ளிருந்ததைத் தொடாமல் விட்டது. இந்தச் சூட்சுமத்தைக் கொண்டு அமெரிக்கரான பீட்டர் நார்ட்டன் 1982இல் வெளியிட்ட மீட்புக் கருவி பெரும் புகழ் பெற்றது. ஆனால் அது விலைக்கு வந்த வித்தை. மென்பொருளின் மூலத்தை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டுமென்று ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் குனூ இயக்கத்தை அறிவித்து, 1989இல் அதற்கான பொது உரிமத்தையும் வகுத்தபின், இவ்வித்தையும் தர்மமாகக் கிடைக்கும் காலம் பிறந்தது.

1998இல் பிரான்ஸ் தேசத்துக் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் அவ்வுரிமத்தின் கீழ் வந்ததே. கருந்திரையில் அம்புக்குறி விசைகளால் இயங்கும் அந்த எளிய நிரல், தொலைந்த பத்திரத்தைத் தேடுவதில்லை. தட்டை நெடுகக் கடந்து சென்று, பங்குகளின் தொடக்க செக்டார்களாகிய எல்லைக் கற்களைத் தேடுகிறது. ஃபேட் 32 என்ற கோப்பு முறையிலுள்ள பங்கு தன் தொடக்க செக்டாரின் பிரதியை ஆறாம் செக்டாரிலும், என்.டி.எஃப்.எஸ். முறையிலுள்ள பங்கு தன் இறுதியிலும் வைத்திருக்கும். அவற்றைக் கண்டு, தொடக்கமும் நீளமும் கணித்து, உள்ளிருக்கும் கோப்புகளின் பட்டியலையும் காட்டி, நாம் சம்மதித்த பின்பே பழைய வரியை மறுபடி எழுதுகிறது.

பட்டியலும் சிதைந்துபோனவருக்காகக் கிரெனியே 2002இல் அளித்தது ஃபோட்டோரெக் என்னும் நிரல். ஜேபெக் படம் ஒவ்வொன்றும் எஃப்.எஃப்., டி.8, எஃப்.எஃப். என்ற மூன்று பைட்டுகளோடு தொடங்கும். அத்தகைய முத்திரைகளைக் கொண்டே கோப்புகளை அது பொறுக்கியெடுக்கும். பெயர் மட்டும் திரும்பாது; கல்யாணப் படமாயினும் கடன் பத்திரமாயினும், எஃப் என்ற எழுத்தும் செக்டார் எண்ணுமே பெயராய் வந்து சேரும். பழுதுபட்டுத் திணறும் தட்டிலிருந்து, படிக்க முடிந்ததை முதலில் நகலெடுக்கும் டிடி ரெஸ்க்யூவை, அன்டோனியோ டியாஸ் டியாஸ் 2004இல் வழங்கினார்.

இக்கருவிகள் யாவும் அழித்ததை உடனே துடைக்காத தட்டின் சோம்பலை நம்பிப் பிறந்தவை. விண்டோஸ் 7 வெளியான 2009 முதல் பரவிய டிரிம் ஏற்பாட்டினால், எஸ்.எஸ்.டி. எனும் திடநிலைத் தட்டுகள் அழித்த கோப்பின் இடத்தைத் தாமே வெறுமையாக்கத் தலைப்பட்டன. அங்கே மீட்பவரின் சாமர்த்தியம் பெரிதும் செல்லாது. ஆகவே, பார்ட்டிஷன் போயிற்றென்று அறிந்த கணமே அத்தட்டில் எதையும் எழுதாதீர்கள்; மீட்டதை வேறொரு தட்டில் சேமியுங்கள்; போகாத நாளிலேயே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.