பிலிப்பைன்ஸ் இளைஞர் அரசியற் பங்கேற்பும் தகவல் தொழில்நுட்பமும்

பிலிப்பைன்ஸ் நாட்டில் இளைஞர்களின் அரசியற் பங்கேற்பு, வானொலி, செல்பேசிக் குறுஞ்செய்தி, சமூக வலைத்தளங்கள் ஆகியவற்றின் வளர்ச்சியுடன் நெருங்கிய தொடர்பு கொண்டதாகும். 2001 ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் யோசேப் எஸ்திராடா பதவி இழக்கக் காரணமான மக்கள் எழுச்சியில் குறுஞ்செய்தி முக்கிய பங்கு வகித்தது. ஆட்சி மாற்றத்தில் செல்பேசியின் பங்கை ஆராய்வோர் முதலில் எடுத்துக்காட்டும் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று. அதே நாட்டில் பிற்காலத்தில் சமூக வலைத்தளங்கள் பொய்ச் செய்தி பரப்பவும், மாணவர்களை அச்சுறுத்தவும் பயன்பட்டன. இளைஞர்களுக்கெனச் சட்டப்படி அமைந்த உள்ளூர் மன்றமும் இந்நாட்டில் உண்டு. எனவே தெருப் போராட்டம், தொழில்நுட்பம், சட்டமுறையான அமைப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு நோக்குவதற்குப் பிலிப்பைன்ஸ் பொருத்தமான எடுத்துக்காட்டாக விளங்குகிறது.

பின்னணி

1970 ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் மணிலாவில் மாணவர்கள் நடத்திய தொடர் போராட்டங்கள் "முதல் காலாண்டுப் புயல்" என அழைக்கப்படுகின்றன. 1972 செப்டெம்பரில் குடியரசுத் தலைவர் பெர்டினண்ட் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை நடைமுறைப்படுத்தினார். மாணவர் அமைப்புகள் ஒடுக்கப்பட்டன. செய்தித்தாள்களும் ஒலிபரப்பு நிலையங்களும் மூடப்பட்டன.

1975 இல் மார்க்கோஸ் அரசு "கபாத்தாங் பரங்காய்" என்னும் இளைஞர் அமைப்பை உருவாக்கியது. பரங்காய் என்பது பிலிப்பைன்சின் மிகச் சிறிய உள்ளாட்சி அலகு ஆகும். இவ்விளைஞர் அமைப்பின் தேசியத் தலைவராக மார்க்கோஸின் மூத்த மகள் ஈமி மார்க்கோஸ் இருந்தார். 1977 ஆகஸ்ட் 31 அன்று மணிலாவில் நடந்த ஒரு திறந்த அரங்கில், அவர் அப்பதவிக்கு வந்த விதம் குறித்து ஆர்க்கிமிடீஸ் திரஹானோ என்ற மாணவர் கேள்வி எழுப்பினார். அரங்கிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட அவர் சித்திரவதை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய தாயார் தொடுத்த வழக்கில் ஈமி மார்க்கோஸ் இழப்பீடு வழங்க வேண்டும் என அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அழைப்பாணை முறையாகச் சேர்ப்பிக்கப்படவில்லை என்ற காரணத்தால் பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2006 இல் அத்தீர்ப்பை அந்நாட்டில் நிறைவேற்றுவதற்கு இடமளிக்கவில்லை.

1986 பெப்ரவரி 22 முதல் 25 வரை நடைபெற்ற "மக்கள் சக்திப் புரட்சி" மார்க்கோஸ் ஆட்சியை முடிவுக்குக் கொண்டுவந்தது. கருதினால் ஹைமி சின் வானொலி வெரித்தாஸ் வழியாக விடுத்த அழைப்பை ஏற்று மக்கள் எப்பிபானியோ டி லொஸ் சாந்தோஸ் நிழற்சாலையில் திரண்டனர். அச்சாலையின் பெயர்ச் சுருக்கமே "எட்சா" ஆகும். இந்த எழுச்சியில் முதன்மைத் தொடர்பு ஊடகமாக இருந்தது வானொலி. ஒருவர் பேச, பலர் கேட்டனர்.

குறுஞ்செய்தியும் இரண்டாம் எட்சாவும்

பிலிப்பைன்சில் 1990களின் நடுப்பகுதியில் அறிமுகமான குறுஞ்செய்திச் சேவை தொடக்கத்தில் கட்டணமின்றி வழங்கப்பட்டது. பின்னர் ஒரு செய்திக்கு ஒரு பெசோ என்ற அளவில் கட்டணம் விதிக்கப்பட்டது. செல்பேசியில் பேசுவதைவிட இது மிகவும் மலிவு என்பதால் மாணவர்களும் இளம் பணியாளர்களும் இதனைப் பெருமளவில் பயன்படுத்தினர். எழுத்துகளைக் குறைத்து எழுதும் தனி நடையும் உருவாயிற்று.

ஊழல் குற்றச்சாட்டுகளின் பேரில் எஸ்திராடா மீதான பதவிநீக்க விசாரணை 2000 டிசம்பர் 7 அன்று செனட் அவையில் தொடங்கியது. இது தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. எஸ்திராடாவுடையது எனக் கூறப்பட்ட வங்கிக் கணக்கு தொடர்பான ஆவணங்கள் அடங்கிய உறையைத் திறப்பதா வேண்டாமா என்ற வாக்கெடுப்பு 2001 சனவரி 16 இரவில் நடந்தது. 11 செனட்டர்கள் திறக்க வேண்டாம் என்றும், 10 பேர் திறக்க வேண்டும் என்றும் வாக்களித்தனர். அரசுத் தரப்பு வழக்குரைஞர்கள் வெளிநடப்புச் செய்தனர்.

அன்றிரவே, கறுப்பு உடை அணிந்து எட்சாவுக்கு வருமாறு கோரும் குறுஞ்செய்திகள் செல்பேசிக்குச் செல்பேசி பரவின. ஒவ்வொருவரும் தமக்கு வந்த செய்தியைத் தமது நண்பர்களுக்கு அனுப்பினர். அழைப்பு அறிமுகமான ஒருவரிடமிருந்து வந்ததால் அதற்கு நம்பகத்தன்மை கூடியது. அடுத்த நாட்களில் பல இலட்சம் பேர் எட்சா ஆலயத்தின் முன் திரண்டனர். கத்தோலிக்கத் திருச்சபை, மாணவர் அமைப்புகள், தொழிற்சங்கங்கள், எதிர்க்கட்சிகள் ஆகியவையும் தமது வலையமைப்புகள் மூலம் மக்களைத் திரட்டின. சனவரி 19 அன்று ஆயுதப் படைகள் எஸ்திராடாவுக்கு அளித்த ஆதரவை விலக்கிக் கொண்டன. மறுநாள் துணைத் தலைவர் குளோரியா மக்கபகால் அர்ரோயோ பதவியேற்றார்.

மூன்றாம் எட்சா

2001 ஏப்ரல் 25 அன்று எஸ்திராடா கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி, பெரும்பாலும் மணிலாவின் நகர்ப்புற ஏழைகளான ஆதரவாளர்கள் அதே எட்சா ஆலயத்தில் கூடினர். சனவரிப் போராட்டத்தைப் போல் இதற்குப் பெரிய தொலைக்காட்சி நிலையங்களின் கவனம் கிடைக்கவில்லை. இவர்களின் தோற்றத்தையும் கல்வியின்மையையும் ஏளனம் செய்யும் குறுஞ்செய்திகளும் பரவின. மே 1 அன்று கூட்டத்தினர் குடியரசுத் தலைவர் மாளிகையான மலாக்கானாங்கை நோக்கிச் சென்றபோது மோதல் ஏற்பட்டு உயிரிழப்புகள் நேர்ந்தன.

வரலாற்றாய்வாளர் விசென்டே ரபாயேல் 2003 இல் வெளியிட்ட கட்டுரையில் இவ்விரு கூட்டங்களையும் ஒப்பிட்டுள்ளார். செல்பேசி மக்களை ஒன்றாக்குகிறது என்ற நம்பிக்கை பெரிதும் நடுத்தர வகுப்பினருடையது என்பது அவரது ஆய்வு முன்வைக்கும் கருத்துகளுள் ஒன்றாகும். கருவி யாரிடம் உள்ளதோ அவர்களுடைய குரலே "மக்களின் குரல்" எனப் பதிவாகும் என்பதற்கு மூன்றாம் எட்சா சான்றாகக் காட்டப்படுகிறது.

2005 இல் அர்ரோயோவும் தேர்தல் ஆணையர் ஒருவரும் 2004 தேர்தல் முடிவு பற்றிப் பேசியதாகக் கூறப்பட்ட ஒலிப்பதிவு வெளியானது. "ஹலோ கார்சி" என அறியப்பட்ட இவ்வுரையாடலை இளைஞர்கள் செல்பேசி அழைப்பொலியாக மாற்றிப் பரப்பினர். எனினும் அர்ரோயோ பதவியில் நீடித்தார். செய்தி வேகமாகப் பரவுவது மட்டும் ஆட்சி மாற்றத்திற்குப் போதுமானதன்று என்பதை இது காட்டியது.

இளைஞர் மன்றம்

1991 ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் "சங்குனியாங் கபாத்தான்" எனப்படும் இளைஞர் மன்றத்தை ஒவ்வொரு பரங்காயிலும் ஏற்படுத்தியது. நாட்டில் சுமார் 42,000 பரங்காய்கள் உள்ளன. பரங்காயின் பொது நிதியில் 10 விழுக்காடு இம்மன்றத்திற்கு ஒதுக்கப்படுகிறது. தொடக்கத்தில் 15 முதல் 21 வயது வரையிலானோர் இதில் பங்கேற்றனர். 2002 ஆம் ஆண்டுச் சட்டம் இதனை 15 முதல் 17 வயது வரை எனக் குறைத்தது.

அரசியற் குடும்பங்கள் தம் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் களமாக மன்றத்தைப் பயன்படுத்துகின்றன, நிதி விளையாட்டுப் போட்டிகளுக்கும் கேளிக்கைகளுக்குமே செலவாகிறது என்ற குறைகூறல்கள் எழுந்தன. 2013 இல் தேர்தல் ஒத்திவைக்கப்பட்டதால் 2018 வரை மன்றங்கள் இயங்கவில்லை.

2016 சனவரியில் கையெழுத்தான சீர்திருத்தச் சட்டம் பின்வரும் மாற்றங்களைக் கொண்டுவந்தது:

- வாக்களிக்கும் வயது 15 முதல் 30 வரை.
- பொறுப்பு வகிக்கும் வயது 18 முதல் 24 வரை.
- பதவியிலுள்ள தெரிவு செய்யப்பட்ட அலுவலர்களின் நெருங்கிய உறவினர் போட்டியிடத் தடை.
- பொறுப்பாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி.

அரசியல் குடும்ப ஆதிக்கத்துக்கு எதிரான நெறி 1987 அரசியலமைப்பில் இடம்பெற்றிருந்தும், அதனைச் செயற்படுத்தும் விதி ஒரு சட்டத்தில் இடம்பெற்றது இதுவே முதன்முறை என்பது குறிப்பிடத்தக்கது. அத்தடை இளைஞர்களுக்கு மட்டுமே பொருந்தியது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் பொருந்தவில்லை. புதிய சட்டத்தின்படி 2018 மே, 2023 அக்டோபர் ஆகிய மாதங்களில் தேர்தல்கள் நடந்தன. 2025 டிசம்பரில் நடக்கவிருந்த தேர்தலை அவ்வாண்டு இயற்றப்பட்ட ஒரு சட்டம் 2026 நவம்பருக்குத் தள்ளிவைத்தது.

சமூக வலைத்தளங்களின் காலம்

2013 ஆகஸ்ட் 26 அன்று மணிலாவின் லுனெட்டா பூங்காவில் "பத்து இலட்சம் மக்கள் பேரணி" நடைபெற்றது. நாடாளுமன்ற உறுப்பினர்களின் விருப்ப நிதியில் நடந்த முறைகேட்டைக் கண்டித்து முகநூலில் இடப்பட்ட அழைப்பிலிருந்து இது உருவானது. அதே ஆண்டு நவம்பர் 19 அன்று உச்ச நீதிமன்றம் அந்நிதித் திட்டம் அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

2016 மார்ச்சில் தேர்தல் ஆணையத்தின் இணையத்தளம் ஊடுருவப்பட்டு சுமார் 5.5 கோடி வாக்காளர்களின் விவரங்கள் வெளியாயின. அதே ஆண்டு மே மாதத் தேர்தலில் ரொட்ரிகோ டுட்டெர்டே வெற்றி பெற்றார். அவரது பரப்புரையில் முகநூல் பெரும் பங்கு வகித்தது. தரவுக் கட்டணமின்றி முகநூலைப் பார்க்க செல்பேசி நிறுவனங்கள் வசதி அளித்திருந்தமையால், பலருக்கு இணையம் என்பதே முகநூலாக இருந்தது. செய்தியின் தலைப்பைக் கண்டவர்கள் அதனைச் சரிபார்க்கப் பிற தளங்களுக்குச் செல்ல இயலாத நிலை இருந்தது. கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா விவகாரத்தில் அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் பிலிப்பைன்ஸ் பயனர்களே. அவர்களின் எண்ணிக்கை 11 இலட்சத்துக்கும் அதிகம் என 2018 இல் தெரியவந்தது. 2019 மார்ச்சில், டுட்டெர்டேயின் 2016 சமூக ஊடகப் பரப்புரையை நடத்தியவருடன் தொடர்புடைய 200 பக்கங்கள், குழுக்கள், கணக்குகளை முகநூல் நிறுவனம் நீக்கியது.

2022 மே 9 தேர்தலில் முன்னாள் குடியரசுத் தலைவர் மார்க்கோஸின் மகன் பெர்டினண்ட் மார்க்கோஸ் இளையவர் 3 கோடியே 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்று வென்றார். இராணுவச் சட்டக் காலத்தைப் பொற்காலமாகச் சித்திரிக்கும் காணொளிகள் யூடியூப், டிக்டாக் தளங்களில் பரவின. அக்காலத்தை நேரில் அறியாத தலைமுறையினர் வாக்காளர்களில் பெரும் பகுதியினராக இருந்தனர். எதிர் வேட்பாளர் லெனி ரொப்ரெடோவுக்கு ஆதரவாக இளம் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று வாக்குச் சேகரித்தனர். அவர் சுமார் ஒன்றரைக் கோடி வாக்குகள் பெற்றார்.

சட்டமும் கண்காணிப்பும்

2012 செப்டெம்பரில் கையெழுத்தான கணினிக் குற்றத் தடுப்புச் சட்டம் இணையவழி அவதூறைக் குற்றமாக்கியது. இதனை எதிர்த்துப் பலர் தமது முகநூல் படங்களைக் கறுப்பாக மாற்றினர். 2014 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவதூறுப் பிரிவை ஏற்றுக்கொண்டது. எனினும் நீதிமன்ற ஆணையின்றி இணையத் தரவுகளை அரசு தடுக்கும் அதிகாரத்தை நீக்கியது. பிறருடைய பதிவை விரும்பியவர் அல்லது பகிர்ந்தவர் தண்டனைக்கு உள்ளாகமாட்டார் எனவும் தெளிவுபடுத்தியது. இச்சட்டத்தின் கீழ் 2020 சூனில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்ட இதழாளர் மரியா ரெஸ்ஸா, 2021 இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார்.

2020 சூனில் பயங்கரவாத எதிர்ப்புச் சட்ட முன்வரைவை எதிர்த்து பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் செபு வளாகத்தில் ஆர்ப்பாட்டம் செய்தோர் கைது செய்யப்பட்டனர். அடுத்த நாட்களில் அவ்வளாக மாணவர்களின் பெயரில் வெற்று முகநூல் கணக்குகள் தோன்றின. தம் பெயரில் யாரோ எதையேனும் எழுதித் தம்மை வழக்கில் சிக்கவைக்கக்கூடும் என மாணவர்கள் அஞ்சினர். அதே ஆண்டு செப்டெம்பரில், பிலிப்பைன்ஸ் இராணுவம், காவல்துறை ஆகியவற்றுடன் தொடர்புடையோர் நடத்திய போலிக் கணக்கு வலையமைப்பொன்றை முகநூல் நீக்கியது.

சமூக ஆர்வலர்களைப் பொதுவுடைமைக் கிளர்ச்சியாளர்கள் எனப் பகிரங்கமாக முத்திரை குத்துவது அந்நாட்டில் "சிவப்பு முத்திரை" எனப்படுகிறது. இது ஒருவரின் உயிர், சுதந்திரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அச்சுறுத்தல் என 2024 மே மாதம் வெளியான தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது.

2025 போராட்டங்கள்

2025 ஆகஸ்டில் அரசு வெள்ளத் தடுப்புத் திட்டங்களின் பட்டியலை ஓர் இணையத்தளத்தில் வெளியிட்டது. 9,855 திட்டங்களும் சுமார் 54,500 கோடி பெசோ செலவும் அதில் இடம்பெற்றன. கட்டப்படாத அல்லது தரமற்ற பணிகள் குறித்து மக்கள் முறையிடவும் அதில் வழி செய்யப்பட்டிருந்தது. ஒப்பந்தக்காரர்கள், அரசியல்வாதிகள் ஆகியோரின் பிள்ளைகள் தமது ஆடம்பர வாழ்வைக் காட்டி வெளியிட்ட படங்களை இளைஞர்கள் இத்தகவல்களுடன் ஒப்பிட்டுப் பரப்பினர். செப்டெம்பர் 21 அன்று, இராணுவச் சட்ட அறிவிப்பின் ஆண்டு நினைவு நாளில், எட்சாவிலும் லுனெட்டாவிலும் பெரும் பேரணிகள் நடந்தன. அன்று மணிலாவில் ஏற்பட்ட மோதல்களில் 200க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் சிறுவர்களும் இருந்தனர்.

மதிப்பீடு

தொழில்நுட்பம் கூட்டத்தைத் திரட்டும் காலத்தைக் குறைத்துள்ளது. ஆனால் ஆட்சி மாற்றம், சட்ட மாற்றம் போன்ற விளைவுகள் ஏற்பட்டபோதெல்லாம் நீதிமன்றம், இராணுவம், திருச்சபை அல்லது தேர்தல் ஆணையம் போன்ற ஓர் அமைப்பின் முடிவும் உடனிருந்தது. 2009 டிசம்பரில் வாக்காளர் பதிவுக் காலத்தை நீட்டிக்குமாறு இளைஞர் கட்சியொன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 சனவரி 9 வரை பதிவைத் தொடர ஆணையிட்டது. பெருங்கூட்டம் இன்றியே இளைஞர்கள் வாக்குரிமை பெற இத்தீர்ப்பு வழிவகுத்தது.

இவற்றையும் பார்க்க

- மக்கள் சக்திப் புரட்சி
- குறுஞ்செய்தி
- உள்ளாட்சி
- வாக்குரிமை