பதுமையின் கையும் கேளாதோர் கண்ணும்

மொழி என்பது நாவிலிருந்து பிறப்பதே என்று நம்மவருட் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். அதனாலன்றோ காது கேளாதவரை 'ஊமை' என்று ஒதுக்கி வைத்தோம்! அவர்களுக்குக் கையே நா, கண்ணே செவி. இன்று கணினித் திரையில் அசையும் பதுமைகளைக் கொண்டு அவர்களோடு பேச அறிஞர் முயல்கின்றனர். அம்முயற்சி இடறி விழுந்த பள்ளமோ புதிதன்று. இருநூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது.

பாரிஸ் நகரில் 1760ஆம் ஆண்டையொட்டி லெப்பே என்னும் பாதிரியார் கேளாத சிறுவர்க்குப் பள்ளி கண்டார். மாணாக்கரின் சைகைகளை இகழாது கற்றுக்கொண்ட பெருந்தகை அவர். ஆயினும், பிரெஞ்சு இலக்கணத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒவ்வொரு சைகையை வகுத்துச் சேர்த்தார். விளைவு யாது? ஆசிரியர் கைகாட்ட, மாணாக்கர் அப்படியே எழுதினர். தம் கருத்தைத் தாமே எழுதச் சொன்னாலோ திகைத்தனர். பின்வந்த பெபியான் 1817இல் இம்முறையின் குறையை எடுத்துக்காட்டினார். 1825இல் சைகைகளைத் தாளில் எழுதும் குறியீட்டு முறையொன்றையும் வெளியிட்டார்.

1880இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகையை வகுப்பறையினின்றும் விலக்கத் தீர்மானித்தது. அங்கே கூடியோர் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவரே! 1960இல் அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டோக்கி, சைகையும் தனக்கென அமைப்புடைய மொழியே என்று நிறுவினார்.

இத்துணை கற்றும் பழைய பிழை மறுபிறவி எடுத்தது. 1990களில் பிரிட்டனில் செய்யப்பட்ட 'சைமன்' என்னும் பதுமை, தொலைக்காட்சி எழுத்து வரிகளை ஆங்கிலச் சொல்வரிசையை ஒட்டியே சைகையாக்கிற்று. அடுத்து வந்த 'டெஸ்ஸா', அஞ்சலக எழுத்தர் பேசும் சொற்றொடரை அறிந்து, சைகையில் தேர்ந்த ஒருவரின் பதிவான அசைவுகளைக் கொண்டு பிரிட்டிஷ் சைகை மொழியிலேயே காட்டியது. நல்ல முன்னேற்றந்தான், எனினும் பதிந்து வைத்த தொடர்களுக்கு அப்பால் அதனால் செல்ல இயலவில்லை. ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தார் 1980களில் வகுத்த குறியீட்டைக் கொண்டு புதுத் தொடர்களை ஆக்கும் முயற்சியும் பின்னர் நடந்தது. அங்கே வேறோர் இடர்: சைகை மொழி கையில் மட்டும் இல்லை. புருவம் உயர்ந்தால் 'ஆமா, இல்லையா' என்னும் வினா. சுருங்கினால் 'யார், எங்கே' என்னும் வினா. முகம் மரமாக நின்றால் வினாவும் விடையும் ஒன்றாகிவிடும்.

தோட்டத்துக் கிராணியாகிய நான் இதனை நன்கறிவேன். ஆங்கில அறிவிப்பொன்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிப் பெரட்டில் படித்தேன். எல்லோரும் தலையசைத்தனர். கலைந்தபின் அம்மையார் ஒருவர், "கிராணி ஐயா, நாளைக்கு வேலை உண்டா, இல்லையா?" என்று கேட்டார். பிழை அவர் செவியிலன்று, என் தமிழில்.

தலையசைப்பு விளக்கத்திற்குச் சான்றாகாது. மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ இப்பிழை நேர்ந்தால் இழப்பு யாருக்கு? ஆதலாலேயே உலகக் காது கேளாதோர் சம்மேளனம், மொழிபெயர்ப்பாளர் சங்கத்தோடு சேர்ந்து 2018இல் எச்சரித்தது: மாறாத அறிவிப்புகளுக்குப் பதுமை உதவலாம், நேருக்கு நேர் உரையாடலில் மனித மொழிபெயர்ப்பாளருக்கு அது ஈடாகாது, கேளாதோரைக் கலந்தே எதையும் செய்க.

லெப்பேயின் அன்பில் குறையில்லை. பொறியாளரின் அறிவிலும் குறையில்லை. "உங்களுக்கு விளங்கிற்றா?" என்று கேளாதோரையே கேட்கத் தவறியதுதான் குறை. அக்கேள்வியை முதலில் வைப்போமாக!