கண்டவர் சாட்சி

'சிபாரிசு' என்னும் சொல்லுக்கு நம்மிடையே நற்பெயர் இல்லை. தகுதியற்றவரைத் தகுதியுள்ளவரின் இடத்தில் அமர்த்தும் தந்திரம் என்றே அதற்குப் பொருள் கொண்டுவிட்டோம். ஆனால் மருத்துவத்தின் வரலாற்றைப் புரட்டினால், பரிந்துரை என்பது சாட்சியமாகவே பிறந்தது என அறிகிறோம்.

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931-ல், பாக்தாத் நகரில் மருத்துவர் ஒருவரின் தவறால் நோயாளி ஒருவர் மாண்டார். செய்தி அப்பாஸிய கலீஃபா அல்முக்ததிரை எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் சோதித்து ஒப்புதல் அளித்தாலன்றி எவரும் மருத்துவம் செய்யலாகாது என ஆணை பிறந்தது. அந்நகரில் மட்டும் 860-க்கும் மேற்பட்டோர் சோதிக்கப்பட்டனர்.

அப்போது நிகழ்ந்ததாகப் பழைய நூல்கள் ஒரு செய்தி கூறுகின்றன. எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர் வந்து, தம் பிழைப்பைப் பறிக்க வேண்டாம் என வேண்டினார். அறியாத மருந்தைக் கொடுப்பதில்லை, எளிய நோய்களுக்கன்றிக் குருதி வாங்குவதில்லை என்ற நிபந்தனைகளின் பேரில் ஸினான் அவரை அனுமதித்தார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். "யாரிடம் பயின்றீர்?" என்றார் ஸினான். அந்த முதியவரே தம் தந்தையும் ஆசானும் என்றார் இளைஞர். "அவர் வழியை மீறாதீர்" என்று கூறி ஸினான் விடை கொடுத்தார். ஆசானின் எல்லை தெரிந்ததால் மாணவரின் எல்லையும் அவருக்குத் தெரிந்தது.

நம் முன்னோர் போற்றிய 'இஜாஸா'வும் இத்தகையதே. இன்ன நூலை இன்னார் என்னிடம் ஓதினார் என ஆசிரியர் அதில் எழுதித் தருவார். வெறும் புகழுரைக்கு அங்கே மதிப்பில்லை.

கொங்கு நாட்டுக்கு வருவோம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி 1966-லும், பூ.சா.கோ. மருத்துவக் கல்லூரி 1985-லும் தொடங்கப்பெற்றன. இந்நாட்டில் மேற்படிப்புக்குத் தேர்வின் தரவரிசையே வழிகாட்டுவதால், பரிந்துரை எழுதும் பழக்கம் நம் பேராசிரியர்களுக்கு அதிகம் வாய்ப்பதில்லை. அமெரிக்காவிலோ, 1889-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வேரூன்றிய 'ரெசிடென்சி' என்னும் பயிற்சிக்கு விண்ணப்பிப்போர் மூன்று அல்லது நான்கு பரிந்துரைக் கடிதங்களை அளிப்பது வழக்கம்.

இங்கேதான் நம் பிள்ளைகள் தடுமாறுகின்றனர். தம்மை அறியாத பெரும் பதவியாளரின் கையொப்பத்தை நாடுகின்றனர். "நன்னடத்தை உள்ளவர், கடின உழைப்பாளி" என்னும் இரண்டு வரிகள் வருகின்றன. அவை எவருக்கும் பொருந்தும். ஆகவே எவருக்கும் உதவா.

வலுவான கடிதம், எழுதுபவர் மாணவரை எந்த வார்டில், எத்தனை மாதம் கண்டார் என்பதைச் சொல்லும். நள்ளிரவில் பாம்புக்கடியோடு வந்த உழவரிடம் அவர் நடந்துகொண்ட முறையைச் சொல்லும். தாம் பயிற்றுவித்த மற்றவர்களோடு ஒப்பிட்டு அவரது இடத்தைச் சொல்லும். இன்னும் கற்க வேண்டியது எது என்பதையும் மறைக்காது. பெயர்பெற்றவரின் பொதுப் புகழைவிட, உடனிருந்து கண்ட ஆசிரியரின் ஒரு பக்கம் எடை மிக்கது.

பிள்ளையின் கனவுக்காகக் கடன்பட்ட பெற்றோரின் கவலையை நாம் அறிவோம். எனினும் கடிதத்தின் மறுமுனையில் முகம் தெரியாத நோயாளி ஒருவர் இருக்கிறார். பாக்தாதில் மாண்ட அந்த ஒருவருக்காகவே அத்தனை பேரும் சோதிக்கப்பட்டனர். காணாததைக் கண்டதாக எழுதும் கை, அவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.